கிளினிக் கொப்பியை வாசிக்கத் தெரியுமா?

எமது வீடுகளில் "சீனி", "பிரஷர்" என்ற இரண்டு சொற்களும் விருந்தாளிகளாக வந்து வீட்டுக்காரர்களாகிவிட்டன. அலுமாரியைத் திறந்தால் ஒரு பையில் குளிசைகளும் கிளினிக் கொப்பியும் இருக்கும். அந்தக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று நோயாளியிடம் கேட்டுப் பாருங்கள். "அது டொக்டருக்குத்தான் விளங்கும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். இந்தப் பதில் மாற வேண்டும் என்பதே எனது கருத்து.

காய்ச்சலும் நீரிழிவும் ஒன்றல்ல. காய்ச்சலுக்கு மருந்து குடித்தால் சில நாட்களில் சுகமாகிவிடும். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுவதும் கூடவே வருபவை. மாதம் ஒரு தடவை கிளினிக் போய், வைத்தியரிடம் ஐந்து நிமிடம் பேசுவதாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு அது ஒரு மணித்தியாலம். வருடத்தில் உள்ளதோ 8,760 மணித்தியாலங்கள். மீதி 8,759 மணித்தியாலங்களிலும் என்ன உண்பது, எப்போது குளிசை எடுப்பது, நடப்பதா படுப்பதா என்று தீர்மானிப்பவர் நோயாளியே. அப்படியானால் வைத்தியத்தின் பெரும் பங்கு அவருடைய கையில்தான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கையொன்று, வளர்ச்சியடைந்த நாடுகளில் கூட நீண்டகால நோயாளிகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேரே மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று கூறியது. ஆகவே இது படிப்பறிவில்லாதவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. என்ன மருந்து, எதற்காக என்று விளங்காமல் குடிப்பவர் ஒருநாள் அதை விடுவதும் இலகுதான்.

எனது உம்மம்மாவுக்குப் பல வருடங்களாகச் சீனி. தனது குளிசைகளை "வெள்ளை", "சின்னது", "பெரியது" என்றே அறிந்திருந்தார். ஒரு மாதம் வேறு கம்பனியின் மருந்து கிடைத்தது. அதன் தோற்றம் வேறு. பழையதிலும் மிச்சம் இருந்தது. இரண்டும் வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் எடுத்தார். லுஹருக்கு வுழூச் செய்யப் போனவர் வியர்த்து, கை நடுங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உம்மா சீனி கரைத்துக் கொடுத்த பிறகே தெளிந்தார். இரண்டு பக்கெட்டிலும் ஒரே மருந்தின் பெயர்தான் அச்சிடப்பட்டிருந்தது.

"வயதானவர்களுக்கு இதெல்லாம் விளங்குமா?" என்று சிலர் கேட்பார்கள். உம்மம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். இன்று அவர், "கிளிக்ளசைட் சாப்பாட்டுக்கு முந்தி, மெட்ஃபோமின் சாப்பாட்டுக்குப் பிறகு" என்று தானே சொல்கிறார். சொல்லிக் கொடுத்தால் விளங்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாட்களுக்கு மட்டும் பத்தியம் இருப்பது! வெறும் வயிற்றில் செய்யும் பரிசோதனையில் அது ஓரளவு மறையலாம், ஆனால் எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதக் கணக்கைக் காட்டிவிடும். ஏச்சுக்குப் பயந்து, விட்ட குளிசையையும் "ஓம், குடித்தேன்" என்கிறோம். அதை நம்பும் வைத்தியர் மருந்தின் அளவைக் கூட்டலாம். பிறகு அத்தனையையும் ஒழுங்காகக் குடித்தால் சீனி அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். இங்கே பொய் ஒரு நோய்க்குச் சமம்.

குற்றம் நோயாளியுடையது மட்டுமல்ல. கிளினிக்கில் நெரிசல் அதிகம். கொப்பியில் எழுதப்படுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று எமது பெண்கள் பழகிவிட்டார்கள். கூடப் போகும் மகனோ மகளோதான் பேசுவார். நோயாளி தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். தலைச்சுற்றும் கால் விறைப்பும் அவருக்குத்தானே தெரியும்? ஆகவே சகோதரிகளே, உம்மம்மாவுக்காகப் பேசாதீர்கள். அவரைப் பேச விடுங்கள். விளங்காததை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

நோன்பு காலத்தில் இது இன்னும் முக்கியமானது. காலைக் குளிசையை ஸஹருக்கும் இரவுக் குளிசையை இஃப்தாருக்கும் தாமாகவே மாற்றிக்கொள்பவர்கள் பலர். சில மருந்துகள் பகலில் சீனியை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக் கூடியவை. ரமழானுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே, நோன்பு பிடிக்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். விரலில் குத்தி இரத்தம் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பலரின் கருத்து. சீனி 70க்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும் என வைத்தியர்கள் அறிவுறுத்துகிறார்கள். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் எமது மார்க்கம்.

நாம் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. மருந்தின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். கிளினிக் போகும்போது நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு போகலாம். "இது எதற்கு? எப்படி எடுப்பது? என்ன நடந்தால் உடனே வர வேண்டும்?" என்ற மூன்று கேள்விகளையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். காலில் புண் இருக்கிறதா என்று தினமும் பார்க்கலாம். இன்னும் நோய் வராத பெற்றோரை, அரசாங்கத்தின் சுகவாழ்வு நிலையங்களில் இலவசமாகப் பரிசோதிக்கச் செய்யலாம்.

பெற்றோரே, நீங்கள் எங்கள் பெறுபேற்று அறிக்கையை வரிக்கு வரி வாசிக்கிறீர்கள். எந்தப் பாடத்தில் புள்ளி குறைந்தது, ஏன் குறைந்தது என்று விசாரிக்கிறீர்கள். உங்கள் கிளினிக் கொப்பியையும் அதே அக்கறையோடு வாசியுங்கள். எங்கள் எதிர்காலத்தைப் பார்க்க நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.