பத்தரை மணிக்கு ஊரில் யார் இருப்பார்கள்?



பிறந்த நாள் வாழ்த்து முதல் ஆபீஸ் கடிதம் வரை எல்லாவற்றையும் ஏஐயிடம் கேட்டு எழுதும் காலம் இது. எழுதிவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு ஊர் மக்களோடு எப்படிப் பழகுவது என்பதையும் அதனிடமே கேட்கலாமா? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மருமகள் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கூடலூர் பக்கம் ஒரு பணியர் குடியிருப்பில் தாய் சேய் நலத்துக்காக ஒரு திட்டம் தொடங்கப் போகிறார்கள். அதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். ராத்திரி செல்போனை எடுத்தாள், ஏஐயிடம் கேட்டாள். இரண்டே நிமிஷத்தில் திட்டம் தயார்! காலை 10.30க்கு வரவேற்பு, பழங்குடி நடனம், பிறகு கேள்வி பதில், காட்டுக் கீரை, மூலிகை பற்றி அவர்கள் பேசுவதைப் பதிவு செய்தல், குரூப் போட்டோ, நன்றியுரை.

அந்தப் பக்கம் பன்னிரண்டு வருஷம் டீச்சராக இருந்தவள் நான். படித்ததும் சிரிப்பு வந்தது. "ஏம்மா, பத்தரை மணிக்கு ஊர்ல யாரு இருப்பாங்க? பொம்பளைங்க எல்லாம் விடிஞ்சதுமே தேயிலை பறிக்கப் போயிடுவாங்களே" என்றேன். "அட, ஆமாங்க அத்தை" என்று விழித்தாள்.

தாய் சேய் நலக் கூட்டத்தில் தாய்மார்களே இல்லை என்றால் என்ன ஆகும்? அன்று வேலைக்குப் போகாத நாலு ஆண்களும் வயசானவர்களும் வருவார்கள். கையெழுத்து வாங்குவார்கள், போட்டோ எடுப்பார்கள். 'மக்கள் ஒப்புதல் கிடைத்தது' என்று ரிப்போர்ட் போய்விடும். வன உரிமைச் சட்டத்தின் விதிகளைப் பாருங்கள். 2012இல் திருத்திய விதிப்படி, கிராம சபை கூட வேண்டுமென்றால் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். சட்டத்துக்கு இருக்கிற அந்த அக்கறை நம் கூட்டத்துக்கு வேண்டாமா?

ஏஐயைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதி வைத்ததைப் படித்துத்தான் அது பேசுகிறது. பணியர் மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. அவர்கள் வாழ்க்கையைப் பற்றி அவர்களே எழுதியது மிகக் குறைவு. அந்த ஊரில் என்றைக்கு லீவு, யார் வீட்டில் துக்கம், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு மக்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் வாழ்க்கையும் வேறு. மெஷினுக்கோ எல்லாரும் 'பழங்குடி', எல்லாருக்கும் ஒரு நடனம்!

மறுநாள் என்னிடம் படித்த பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க டீச்சர், எல்லாரும் இருப்போம். ஆனா ஒண்ணு. போன தடவை வந்தவங்களும் நாங்க பேசுனதையெல்லாம் எழுதிக்கிட்டுத்தான் போனாங்க. என்ன எழுதுனாங்கன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லலை."

என் மருமகள் முகம் மாறிவிட்டது. அந்தப் பதிவையும் ஏஐயிடம் கொடுத்து ரிப்போர்ட் எழுதத்தான் நினைத்திருந்தாள்.

மூலிகை அறிவு சும்மா பேச்சு இல்லை, சொத்து. 1987இல் அகத்தியர் மலைக்குப் போன விஞ்ஞானிகளுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டியவர்கள் காணி மக்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. மருந்தைக் கண்டுபிடித்த திருவனந்தபுரம் ஆராய்ச்சி நிலையம் தனக்குக் கிடைத்த உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கியது. பாராட்ட வேண்டிய விஷயம்தான். அப்படியும், முதலிலேயே எங்களைக் கேட்கவில்லையே என்று மற்ற காணி ஊர்களில் மனத்தாங்கல் வந்தது. பங்கு கொடுத்தவர்களுக்கே இந்த நிலை. கேட்காமலே பதிவை மெஷினுக்குக் கொடுப்பவர்கள் எந்தக் கணக்கில் சேர்த்தி?

அந்தத் திட்டத்தில் இன்னொரு குறையும் பார்த்தேன். வரவேற்பு இருந்தது, நன்றியுரை இருந்தது. மக்கள் 'வேண்டாம்' என்றால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை! ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வரலாமா என்று அங்குள்ள கிராம சபைகளே சொல்லட்டும் என 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 12 ஊர்களில் சபை கூடியது. 12 ஊர்களும் 'வேண்டாம்' என்றன. அதற்குப் பெயர்தான் கருத்துக் கேட்பது. 'சரி' என்று மட்டுமே சொல்ல முடிகிற கூட்டம் வெறும் சடங்கு.

ஏஐயை ஒதுக்கச் சொல்லவில்லை. பஸ் செலவைக் கணக்குப் போடட்டும், ரிப்போர்ட்டில் பிழை திருத்தட்டும். ஆனால் எந்த நாள், எந்த இடம், யார் யார், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை அந்த ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். அது எங்கே போகும் என்பதைப் புரியும்படி சொல்லுங்கள். எழுதி முடித்ததும் திரும்பப் போய் வாசித்துக் காட்டுங்கள்.

என் மருமகள் முதல் ஞாயிற்றுக்கிழமை பேனாவும் இல்லாமல், செல்போனையும் வெளியே எடுக்காமல் போய்வந்தாள். டீ குடித்தாள், பேசினாள், வந்தாள். திட்டத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. "அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்க அத்தை" என்றாள். வேலை தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

தோழிகளே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

— ஓய்வு பெற்ற ஆசிரியை,
கோவை.