மாவோரியர் கதையும் மட்டக்களப்புச் சிறாரும்

கவிதையை மனனஞ் செய்யும் மாணாக்கர் நம் நாட்டிற் பலர். கவிதை செய்யும் மாணாக்கர் மிகச் சிலர். அச்சிலரும் பத்து வயதுக்குள்ளேயே வாயடைத்துப் போகின்றனர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை வாயிலில் நிற்கப் பாட்டெழுதிப் பொழுது போக்குவதா எனப் பெற்றார் கேட்கின்றனர். ஆசிரியராகிய நாமும் அதற்குத் தலையசைக்கின்றோம். பெரியகல்லாற்றிற் சிறார்க்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு இத்தலையசைப்புப் பெரும்பிழை என்று அண்மையில் ஒரு பாடம் உணர்த்திற்று. அதனை நம் கல்லூரியின் பழைய மாணவர்முன் வைப்பதற்கு இவ்விழா மலரினும் ஏற்ற இடம் வேறில்லை.

ஒருநாள் நியூசிலாந்து நாட்டின் ஆதிக்குடிகளாகிய மாவோரியரைப் பற்றி வகுப்பிற் கூற நேர்ந்தது. ஒரு மணியின் கதையோடு தொடங்கினேன். 1836 ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் வடபகுதியில், வில்லியம் கொலென்சோ என்னுங் கிறித்தவ சமயப்பணியாளர், மாவோரிப் பெண்டிர் உடைந்த வெண்கல மணியொன்றிற் கிழங்கு அவிக்கக் கண்டார். பெருங்காற்றில் வீழ்ந்த மரத்தின் வேரடியில் அது கிடைத்ததென அவர்க்குச் சொல்லப்பட்டது. அம்மணியின் விளிம்பிலே தமிழெழுத்து! முகையதீன் பக்சு என்னும் பெயரும், அது கப்பலின் மணியென்னுங் குறிப்பும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. இன்று அது வெலிங்டன் நகரிலுள்ள தே பாப்பா அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. தமிழ் எழுதிய மணி அத்துணைத் தொலைவிற் கிடந்தது எனக் கேட்ட பிள்ளைகளின் விழிகள் விரிந்தன. அதன்பின் அந்நாடு அவர்க்கு அயல்நாடாகத் தோன்றவில்லை.

மாவோரியர் சபையில் தம்மை அறிமுகஞ் செய்யும் முறை அழகியது. தன் பெயரை முதலிற் கூறுதல் அவர் வழக்கன்று. என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த தோணி இது, என் குலம் இது எனக் கூறி, இறுதியிலேயே தன் பெயரைச் சொல்வர். அவர்தம் ஊர்மன்றத்து இல்லமும் முன்னோர் ஒருவரின் உடலாகவே எண்ணப்படும். முகட்டுவளை முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள். உள்ளே நுழைவோர் முன்னோரின் மார்புக்குள் நுழைகின்றனர். இவற்றைக் கூறியபின், "நீங்களும் அவ்வாறே உங்களைக் கூறுங்கள், பார்ப்போம்" என்றேன்.

முதல் இடர் மலையிலே வந்தது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக அமைந்த எழுவான்கரையில் மலைக்கு எங்கே போவது? ஒரு சிறுவன் கோயிற் கோபுரத்தைத் தன் மலையென்றான். மற்றொருவன், 2004 ஆம் ஆண்டு மார்கழியில் எழுந்த ஆழிப்பேரலையைப் பற்றித் தன் பாட்டனார் கூறியதை நினைந்து, மலைபோல் வந்த அலையை எழுதினான். ஆறு என்ற இடத்தில் யாவரும் வாவியை எழுதினர். குலம் என்ற இடத்தில் யான் சற்றே தயங்கினேன். மட்டக்களப்பிலே தாய்வழி வரும் குடிமுறை உண்டு. ஆயினும் குடிப்பெயர் கேட்டு ஒரு பிள்ளையை உயர்த்தவும் மற்றொன்றைத் தாழ்த்தவும் வகுப்பறை இடமன்று. ஆதலின் அம்மம்மாவின் பெயரை எழுதச் சொன்னேன்.

தோணி என்ற இடத்தில் ஒரு சிறுமி வானூர்தி என்று எழுதியிருந்தாள். யான் சிவப்பு மையால் அதனை வெட்டி, "தோணி என்பது நீரிற் செல்வது" என்று திருத்தினேன். பின்னரே அடுத்த அடிகளைப் படித்தேன். அத்தோணி தன் தாயைக் கடல்கடந்த நாட்டுக்கு வேலைக்கு ஏற்றிச் சென்றதென்றும், தான் இன்னுங் கரையிலேயே நிற்பதாகவும் எழுதியிருந்தாள். பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியன் என்னும் என் செருக்கு அக்கணமே அழிந்தது. என் திருத்தத்தை நானே வெட்டினேன். அப்பிள்ளை எழுதியது கவிதை; யான் எழுதியதே பிழை.

"தன் பண்பாடே அறியாத பிள்ளைக்கு மாவோரியர் எதற்கு?" என்று நண்பர் ஒருவர் வினவினார். வினா நியாயமானதே. ஆயினும் தன் முகத்தைக் காணக் கண்ணாடி வேண்டுமன்றோ? உன் ஊரைப் பாடு என்று யான் பன்முறை கூறியும் பாடாத பிள்ளைகள், பிறர் தம் ஊரைப் போற்றுவது கேட்டவுடனே பாடினர். மேலும், மாவோரியரிடம் நாம் கற்கவேண்டிய பாடம் வேறொன்றும் உண்டு. அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் தாய்மொழி பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்ட காலம் இருந்தது. மொழி நலிந்தது. 1982 இல் 'மொழிக்கூடு' எனப் பொருள்படும் பெயரால் மழலையர் நிலையங்களைத் தொடங்கி, முதியோரைக் கொண்டே தம் மொழியைச் சிறார்க்கு ஊட்டினர். 1987 இல் அம்மொழி அந்நாட்டில் அரசகரும மொழியாயிற்று. அதே ஆண்டில் நம் நாட்டிலும் பதின்மூன்றாந் திருத்தத்தினால் தமிழ் அரசகரும மொழியாயிற்று. சட்டம் மொழிக்கு அரியணை தரும்; நாவிலே இடந்தருவது பாட்டியரே. நம் பாட்டியரின் தாலாட்டையும் நாட்டுக்கவியையும் நம் பள்ளிகள் எத்துணை முறை அழைத்துக் கேட்டன?

யாப்பறியாப் பிள்ளை கவிதை எழுதலாமோ என்பது இன்னொரு தடை. யாப்பை யான் இகழேன். அது தமிழின் முதுசொம். ஆயினும் நடக்கப் பழகும் குழந்தைக்கு நடன இலக்கணம் முதலில் வேண்டியதில்லை. பாடுமீன் ஒலியைச் செவிமடுத்து 'நீரர மகளிர்' பாடிய சுவாமி விபுலாநந்தரும், இசையிலக்கணமாகிய 'யாழ் நூல்' தந்த விபுலாநந்தரும் ஒருவரே. செவி முன்னது, இலக்கணம் பின்னது. 1964 இல் வெளிவந்த வித்துவான் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' நம் ஊர்ப்பாடல்களின் செல்வத்தைக் காட்டுகின்றது. அவற்றைக் கட்டியோருட் பலர் ஏட்டுக்கல்வி பெற்றவரல்லர்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நாவை நீட்டிக் காலுதைத்து ஆடும் ஆட்டம் ஒன்றையே மாவோரியம் எனக் காட்டி, விழாமேடையிற் கைதட்டல் பெறுவது கல்வியன்று. நம் கூத்தை அயலார் அங்ஙனம் காட்டின் நாம் பொறுப்போமா? பிறர் பண்பாட்டைக் கற்பதற்கு முதல் விதி மரியாதை.

பழைய மாணவர்களே! கட்டடத்துக்கும் விளையாட்டரங்குக்கும் நீங்கள் வாரி வழங்குகின்றீர்கள், நன்றி. இனி யான் வேண்டுவது பொருளன்று. உங்கள் பிள்ளையின் கால அட்டவணையிற் கிழமைக்கு அரைமணி நேரத்தைக் கவிதைக்கு விடுங்கள். உங்கள் தாயரைப் பள்ளிக்கு அனுப்பி ஒரு கவி பாடச் செய்யுங்கள். அடுத்த மலரிற் சிறார் கவிதைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். கரையில் நிற்கும் பிள்ளையின் குரல் கடல்கடந்திருக்கும் தாயின் செவிக்கு அப்பக்கங்களின் வழியே எட்டுமாயின், அதனினும் பெரிய புலமைப்பரிசில் யாதுளது?