121 தோல்விக்குப் பிறகும் நான் ஏன் ஒயிட் சாக்ஸ் பக்கம்?

போன வாரம் பேஸ்பால் பற்றி இங்கே ரெண்டு வரி எழுதியதற்கு, "சார், கிரிக்கெட் பத்தலையா?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். என்னிடம் படித்த ஒருவர் மட்டும், "நீங்க சப்போர்ட் பண்றது அந்த உலக மகா தோல்வி டீம்தானே சார்?" என்று கேட்டார். வகுப்பில் வாயே திறக்காத பையன். இப்போது நன்றாகக் கேள்வி கேட்கிறார். அவருக்குத்தான் இந்த நீண்ட பதில். நேரம் இருப்பவர்கள் மற்றவர்களும் படியுங்கள்.

ஆமாம் தம்பி, அதே டீம்தான். சிகாகோ ஒயிட் சாக்ஸ். 2024-இல் ஆடிய 162 ஆட்டங்களில் 121 தோல்வி. 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் இத்தனை ஆட்டம் தோற்ற அணி வேறு இல்லை. அதுவரை 1962-இல் புதிதாகத் தொடங்கிய நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றதுதான் பெரிய அவமானமாக இருந்தது. ஒயிட் சாக்ஸ் அந்த வருடம் நடுவில் தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றார்கள். மூன்று வாரத்துக்கும் மேல் ஒரு நாள்கூட ஜெயிக்காத டீம்!

என் மகள் குடும்பம் சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது பேரன் பிடித்து உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தான். ஊர் திரும்பியும் விடவில்லை. அங்கே மாலை 6.40-க்கு ஆட்டம் என்றால் இங்கே விடிகாலை 5.10. முப்பத்து நாலு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு அந்த நேரத்தில் தானாக முழிப்பு வந்துவிடும். பால்காரர் வருவதற்குள் மூன்று இன்னிங்ஸ் முடிந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க பேஸ்பாலில் மொத்தம் 30 அணிகள். கடைசி இடத்துக்கு வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடும் வழக்கம் அங்கே கிடையாது. அதற்குப் பதிலாக, அடுத்த வருடம் பள்ளி, கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தோற்ற அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும். அதனால் சில அணிகள், "இந்த டீமை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது" என்று தெரிந்துவிட்டால், நன்றாக ஆடும் பெரியவர்களை மற்ற அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு 19, 20 வயதுப் பையன்களை வாங்கிக் குவிப்பார்கள். நாலைந்து வருடம் தோற்போம், பையன்கள் வளர்ந்ததும் ஜெயிப்போம் என்று கணக்கு. இதற்கு ரீபில்டிங் என்று பெயர். ஹூஸ்டன் 2013-இல் 111 தோற்று 2017-இல் சாம்பியன் ஆனது. (அந்தக் கோப்பையின் மேல் திருட்டுப் பட்டம் ஒட்டிக்கொண்டது வேறு கதை.) அதே சிகாகோவின் வடக்குப் பக்கத்து அணியான கப்ஸ் 2012-இல் 101 தோற்று, 2016-இல், 108 வருடம் கழித்துக் கோப்பையைத் தூக்கியது. என் மருமகன் கப்ஸ் ரசிகர். அதைத் தினமும் நினைவுபடுத்துவார்.

அதைப் பார்த்துத்தான் ஒயிட் சாக்ஸும் 2016 டிசம்பரில் ஆரம்பித்தார்கள். அவர்களுடைய சிறந்த பிட்சர் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து யோவான் மொன்காடாவை வாங்கினார்கள். ஆடம் ஈட்டனை வாஷிங்டனுக்குக் கொடுத்து லூகாஸ் ஜியோலிட்டோ. அடுத்த வருடம் ஹோசே கின்டானாவைக் கப்ஸிடமே கொடுத்து எலோய் ஹிமேனஸ், டிலன் சீஸ். பத்திரிகைகள் போடும் "வருங்கால நட்சத்திரங்கள்" ரேங்க் பட்டியலில் மேலே இருந்த பையன்கள் பாதிப்பேர் ஒரே டீமில் இருப்பதுபோல் இருந்தது. ஊரே கொண்டாடியது.

என்ன ஆயிற்று? 2020-இலும் 2021-இலும் பிளேஆஃப் போனார்கள். இரண்டு வருடத்திலும் முதல் சுற்றிலேயே வெளியே. இரண்டையும் சேர்த்து மொத்தம் ரெண்டே வெற்றி. 2022-இல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023-இல் 101 தோல்வி. அப்புறம் அந்த 121. கட்டின வீட்டுக்குப் பால் காய்ச்சுவதற்குள் சுவர் இடிந்துவிட்டது.

காயங்கள் நிறைய. அதை மறுக்கவில்லை. ஆனால் பையன்களோடு சேர்ந்து வளர்ந்த மேனேஜர் ரிக் ரென்டேரியாவை 2020 முடிந்ததும் அனுப்பிவிட்டு, 2011-க்குப் பிறகு டீம் நடத்தாத டோனி லா ரூஸாவை 76 வயதில் கூட்டிவந்தார்களே, அதை விதி என்று சொல்ல முடியாது. அவர் பெரிய மனிதர், மேதை, ஒப்புக்கொள்கிறேன். ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பத்து வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டு பிளஸ் டூ வகுப்பைக் கொடுத்தால் நான் போகமாட்டேன்.

என் குறை அதைவிட அடிப்படையானது. நம் பக்கத்தில் சில பள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றே, யார் 480-க்கு மேல் என்று வீடு தேடிப் போய், ஃபீஸ் வேண்டாம், புத்தகம் இலவசம் என்று பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ரெண்டு வருடம் கழித்து அவன் வாங்கும் மார்க்கைப் பெரிய பேனரில் போடுவார்கள். அதில் பள்ளி சொல்லிக்கொடுத்தது எவ்வளவு, பையன் வரும்போதே கொண்டுவந்தது எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. வழியில் ஒரு பையன் தடுமாறினால், அவனைத் தூக்கிவிடத் தெரிந்த வாத்தியார் அங்கே இருப்பதில்லை. ஏனென்றால் தடுமாறாத பையன்களை மட்டுமே வைத்து நடந்த பள்ளி அது. பழைய ஒயிட் சாக்ஸ் அப்படிப்பட்ட ஒரு பள்ளியாகத்தான் எனக்குத் தெரிகிறது.

ஆண்ட்ரூ வானை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக எடுத்த பையன். கீழ் லீகுகளில் மொத்தமே 55 ஆட்டம். 2020-இல் கொரோனாவால் கீழ் லீகே நடக்கவில்லை. 2021-இல் நேராக மேலே கொண்டுவந்து, முதல் பேஸில் நின்று பழகியவனை அவுட்ஃபீல்டில் நிறுத்தினார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து நேராகப் பன்னிரண்டு, அதுவும் வேறு குரூப்! நாலு வருடம் தள்ளாடினான். போன வருடம் ஜூனில் சராசரி .189 இருக்கும்போது மில்வாக்கிக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே முதலில் கீழ் அணியில் வைத்தார்கள். ஜூலையில் மேலே ஏற்றினார்கள். மிச்ச சீசனில் சராசரி .308. அதே கை, அதே மட்டை.

ஒரு பையனை வைத்துப் பொதுவாகப் பேசக்கூடாது என்பீர்கள். ஜியோலிட்டோவையும் பாருங்கள். 2018-இல் முழு சீசன் வீசிய பிட்சர்களிலேயே மோசமான கணக்கு அவனுடையது, ஈ.ஆர்.ஏ. 6.13. அந்தக் குளிர்காலத்தில் அவன் போய் நின்றது, தனக்கு உயர்நிலைப் பள்ளியில் பந்துவீசக் கற்றுக்கொடுத்த ஈதன் காட்ஸிடம். கை வீச்சைச் சுருக்கிக்கொண்டு வந்தான். 2019-இல் ஆல் ஸ்டார். 2020-இல் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசினான். பிறகு கிளப்பே அந்தப் பள்ளிக் கோச்சை அழைத்து வேலை கொடுத்தது. இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் ரெண்டாவது காபி குடித்தேன்.

இப்போதைய பையன்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் அவர்களுடைய ரேங்க் இல்லை. கோல்சன் மான்ட்கோமரி என்று ஒரு ஷார்ட்ஸ்டாப். 2002-இல் பிறந்தவன், இந்தியானா மாநிலத்துச் சின்ன ஊர்க்காரன். நாட்டிலேயே முதல் பத்து இளம் வீரர்களில் ஒருவன் என்று பேர் வாங்கி, 2024-இல் ட்ரிபிள் ஏ அணியில் .214 அடித்துப் பேரைக் கெடுத்துக்கொண்டான். 2025 ஏப்ரலில் அதைவிட மோசம். வழக்கமாக என்ன செய்வார்கள்? "தானா சரியாயிடும்" என்று ஆடவிடுவார்கள். இந்த முறை அவனை ஆட்டத்திலிருந்தே நிறுத்தி, அரிசோனா பயிற்சி முகாமுக்கு வரவழைத்து, பேட்டிங் பிரிவுத் தலைவர் ரயன் ஃபுல்லர் கூடவே இருந்து மட்டை வீச்சைச் சரிசெய்தார். நம் பாஷையில் ஸ்பெஷல் கிளாஸ். ஜூலை 4 அன்று மேல் அணியில் முதல் ஆட்டம். மிச்சம் இருந்த நாட்களில் 71 ஆட்டம், 21 ஹோம் ரன்.

இன்னொருவன் ஷேன் ஸ்மித். 2021 டிராஃப்டில் இருபது சுற்றிலும் எந்த அணியும் அவன் பெயரைச் சொல்லவில்லை. மில்வாக்கி தனியாகச் சேர்த்துக்கொண்டு கீழ் அணிகளில் வைத்திருந்தது. அப்படிக் கீழேயே இருக்கும் பையனை வேறு அணி ஒரு லட்சம் டாலர் கட்டி எடுத்துக்கொள்ள ஒரு விதி உண்டு. ஆனால் வருடம் முழுக்க மேல் அணியில் வைத்திருக்க வேண்டும். ஒயிட் சாக்ஸ் எடுத்தது. ரிலீஃபில் வீசியவனை ஸ்டார்ட்டர் ஆக்கியது. முதல் வருடமே ஆல் ஸ்டார். மில்வாக்கியிடம் ஒரு பையனைக் கொடுத்து ஏமாந்த கணக்கு இங்கே கொஞ்சம் நேராயிற்று.

கேட்சர்கள் இரண்டு பேர். கைல் டீல், பாஸ்டனிலிருந்து வந்தவன். எட்கர் கேரோ, கியூபாப் பையன், 2003-இல் பிறந்தவன். கேரோ வந்ததே ஜியோலிட்டோவைக் கொடுத்ததால்தான். ஈட்டனுக்கு ஜியோலிட்டோ, ஜியோலிட்டோவுக்கு கேரோ. பழைய வீட்டு உத்தரத்தை எடுத்துப் புது வீட்டுக்கு வைத்ததுபோல. கேட்சர் வேலை எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பந்துக்கும் பிட்சரோடு பேசி, எதிராளியைப் படித்து, அடியும் வாங்க வேண்டும். 22, 23 வயதில் அதைச் செய்கிறார்கள்.

போன சீசனிலும் 102 தோல்விதான், மறைக்கவில்லை. ஆனால் ஆல் ஸ்டார் இடைவேளை வரை 32 வெற்றி, 65 தோல்வி. அதற்குப் பிறகு 28 வெற்றி, 37 தோல்வி. காலாண்டில் 20 வாங்கியவன் அரையாண்டில் 32 வாங்கினால், நான் அவன் அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டமாட்டேன். தட்டிக்கொடுப்பேன்.

புது வரவு ஜப்பானின் முனெடாகா முராகாமி. 2022-இல் 22 வயதில் 56 ஹோம் ரன் அடித்தவர். பந்தை அதிகம் தவறவிடுகிறார் என்று மற்ற அணிகள் யோசித்ததால் ரெண்டு வருடம், 34 மில்லியன் டாலருக்குக் கிடைத்தார். வரும் ஜூலை டிராஃப்டில் முதல் ஆள் ஒயிட் சாக்ஸுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், 121 தோற்றதற்கு அடுத்த டிராஃப்டில் அவர்களுக்கு 10-ஆவது இடம்தான் கிடைத்தது. பணக்கார ஊர் அணிகள் தொடர்ந்து ரெண்டு வருடம் முன்வரிசை வாங்கக்கூடாது என்று புது விதி. வேண்டுமென்றே தோற்பவர்களுக்கு நல்ல பிரம்படி. நான் அந்த விதிக்குக் கட்சி.

என் பயம் வேறு. இந்தக் கிளப் தன் வரலாற்றில் ஒரு வீரருக்குக் கொடுத்த அதிகபட்ச ஒப்பந்தம் 75 மில்லியன் டாலர். நூறு மில்லியனைத் தொட்டதே இல்லை. இது நாட்டின் மூன்றாவது பெரிய நகரம்! 2024-இல் இருள் முழுக்கத் தனியாக விளக்கேந்திய பிட்சர் காரட் கிராஷேவை பாஸ்டனுக்குக் கொடுத்துத்தான் டீல் வந்தான். பாஸ்டன் சில மாதத்திலேயே கிராஷேவுக்கு 170 மில்லியன் கொடுத்து ஆறு வருடம் கட்டிப்போட்டது. மான்ட்கோமரி இன்னும் மூன்று வருடத்தில் பெரிய ஆளாகி நிற்கும்போது, "இவனைக் கொடுத்தால் நாலு பையன்கள் கிடைப்பார்கள்" என்று மறுபடி ஆரம்பித்தால்? 2016-இல் 17 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் என்ற பையனை, ஒரு ஆட்டம் ஆடுவதற்கு முன்பே, வயதான ஒரு பிட்சருக்காகக் கொடுத்த கிளப் இது. அவன் இன்று சான் டியாகோவில் நட்சத்திரம். சொந்தக்காரர் ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப் 2029-க்குப் பிறகு கிளப்பை ஜஸ்டின் இஷ்பியாவிடம் ஒப்படைக்க வழி செய்து ஒப்பந்தம் போட்டிருக்கிறார். பையன்களின் நல்ல காலமும் அந்த வருடங்களும் ஒன்றாக வருகின்றன. வரப்போகிறவர் பையைத் திறக்கட்டும். அதுவரை இருக்கிறவர் விற்காமல் இருந்தால் போதும்.

2005-இல் கோப்பை வாங்கிய அணி. இன்றைய போப் லியோ அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர். தெற்குச் சிகாகோவில் பேருந்து ஓட்டுபவர்களும் தொழிற்சாலை ஆட்களும் பரம்பரையாகப் பார்க்கும் அணி. என் பேரனுக்கு 12 வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் பார்த்ததில் பெரும்பாலும் தோல்விதான். பள்ளியில் கப்ஸ் பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். "டீம் மாத்திக்கோடா" என்று அவன் அப்பா சொன்னதற்கு, "மான்ட்கோமரி வந்ததுக்கு அப்புறம் எப்படிப்பா மாத்துறது?" என்றான்.

வரும் சீசனுக்கு மருமகன் சொல்லும் எண்ணிக்கை 62 வெற்றி. பேரன் 81. நான் 72 என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நேப்பர்வில்லுக்குப் பக்கத்து ஊரான ஓஸ்விகோவில் பள்ளி படித்த நோவா ஷுல்ட்ஸ் என்ற இடதுகைப் பிட்சர் கீழ் அணியில் காத்திருக்கிறான். ஆறடி பத்து அங்குலம். போன வருடம் முட்டி வலியால் பாதியில் உட்கார்ந்துவிட்டான். அந்த முட்டி சரியானால் 75 என்று திருத்திக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறேன். பேரன் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.