படத்தில் அமர்ந்திருப்பவர் யார்?

கல்லடியிலே 2013 ஆம் ஆண்டு புதிய பாலம் திறக்கப்பெற்ற பின்னர், 1924 ஆம் ஆண்டிற் கட்டிய பழைய பாலம் பெரும்பாலும் நடப்பாருக்கும் காற்று வாங்குவாருக்கும் உரியதாயிற்று. அங்கே ஒரு பின்னேரம், நம்மிடம் முன்னர்ப் படித்த மாணவி ஒருத்தியைத் தாயாருடன் கண்டோம். கொழும்பிலே ஆடை உற்பத்தி செய்யும் கம்பனி ஒன்றில் உத்தியோகம், விடுமுறைக்கு வந்திருந்தாள். நலம் விசாரித்து முடியுமுன்னரே கைத்தொலைபேசியை நம் கையிலே தந்து, "சேர், இதை ஒருக்காப் பாருங்க" என்றாள்.

பெரிய கம்பனிகள் புதிய பொருள்களையும் புதிய முறைகளையும் ஆராய்வதற்கெனச் சிலரைத் தனியே பிரித்து வைத்திருப்பதுண்டு. புத்தாக்கக் குழு என்பது அதற்குப் பெயர். நம் மாணவி அத்தகைய குழு ஒன்றில் இருக்கின்றாள். அக்குழுவின் வேலைகளை உலகிற்குக் காட்டும் இணையத்தளம் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருக்கின்றது.

பார்த்தோம். முகப்பிலே ஒரு மின்குமிழ் எரிந்தது. (புதுமை என்றதும் மின்குமிழைக் கொண்டுவந்து நிறுத்தும் வழக்கம் எப்பொழுது ஒழியுமோ, அறியோம்.) அடுத்து, வெண்பலகை ஒன்றைச் சூழ்ந்து நின்று சில இளைஞர்கள் சிரித்தனர். 'நாளையைப் படைப்போம்' என்ற பொருளில் ஆங்கில வாசகங்கள். இவ்வளவும் பார்த்தபின், இவர்கள் செய்ததுதான் என்ன என்பது நமக்கு விளங்கவில்லை.

"நீங்கள் செய்தவற்றுள் நல்லது ஒன்றைச் சொல், பிள்ளை" என்றோம்.

அவள் முகம் மலர்ந்தது. இடுப்புப் பட்டி தைக்கும்போது துணி சுருங்கிப் போவதனால் அவர்களுடைய தொழிற்சாலையில் நாள்தோறும் கழிவு மிகுந்ததாம். பொறியியலாளர்கள் இயந்திரத்தைப் பலவாறு திருத்தியும் பயனில்லை. வாகரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தையல் இயந்திரத்திற் பல ஆண்டுகள் இருந்தவள், பழைய பிளாஸ்டிக் மட்டை ஒன்றை மடித்து ஊசிக்கு முன்னே ஒட்டித் தன் இயந்திரத்தில் மட்டும் சுருக்கம் விழாமற் பார்த்துக்கொண்டிருந்தாள். குழுவினர் அதனைக் கண்டு, அளவெடுத்து, உருக்கிற் செய்து, நாலு முறை பிழைத்து, ஐந்தாம் முறை வெற்றி கண்டனர். இப்பொழுது எல்லா இயந்திரங்களிலும் அது பூட்டப்பட்டிருக்கின்றதாம்.

இந்தக் கதை அந்தத் தளத்திலே ஓரிடத்தும் இல்லை! 'எமது குழுவின் சாதனை' என ஒரு வரி மாத்திரம் இருந்தது. அதுவரை வாவியைப் பார்த்துக்கொண்டிருந்த தாயார் திரும்பி, "இதில உன்ட பேர் எங்க, மகள்?" என்று கேட்டார். மகளின் பெயருமில்லை, வாகரைப் பெண்ணின் பெயருமில்லை. மேலாளரின் படம் மட்டும் பெரிதாக இருந்தது.

இது இன்று நேற்றுத் தோன்றிய குறையன்று. இன்றைய கணினி, கைத்தொலைபேசி எல்லாவற்றிற்கும் மூலமான திரான்சிஸ்டர், 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் கம்பனியின் ஆய்வுகூடத்திலே பிறந்தது. மேசையிலிருந்து அதனைச் செய்து முடித்தவர்கள் யோன் பார்டீனும் வால்டர் பிராட்டெயினும். குழுத் தலைவர் வில்லியம் ஷொக்லி. ஏறக்குறைய ஆறு மாதம் செய்தி வெளியே விடப்படவில்லை. 1948 யூன் 30 ஆம் நாள் நியூயோர்க்கிற் பத்திரிகையாளரை அழைத்துக் காட்டினர். அப்பொழுது உலகிற்கு வழங்கிய படத்திலே, கருவியின் முன் அமர்ந்திருப்பவர் ஷொக்லி. மற்றிருவரும் பின்னே நிற்கின்றனர். அந்த மேசையோ பிராட்டெயினுடையது! அப்படத்தை அவர் கடைசிவரை வெறுத்தார். 1956 ஆம் ஆண்டு மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தும் அந்த மனத்தாங்கல் தீரவில்லை. குழு ஒன்றைக் காட்சிக்கு வைப்பது அலங்கார வேலையென்று எண்ணுவோர் இப்படத்தை ஒரு முறை நோக்குதல் நன்று.

ஆறு மாதம் மறைத்தமைக்குக் காரணம் பெரும்பாலும் பேட்டன்ற் எனப்படும் ஆக்கவுரிமை. இதனை நம் மாணவிக்கும் எடுத்துச் சொன்னோம். ஐரோப்பிய நாடுகளிலே, விண்ணப்பிக்குமுன் ஒருவர் தம் கண்டுபிடிப்பைத் தாமே வெளியிட்டாலும் உரிமை போய்விடும். ஆதலால் மேலாளர் சிலவற்றை மறைப்பது நியாயமே. பொருளின் நுட்பத்தை மறைக்கலாம்; செய்தவரை மறைப்பதற்குத்தான் நியாயங் காணோம்.

"தோல்விகளையும் போடச் சொல்றீங்களா, சேர்? வாங்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். இந்தியாவின் டாட்டா நிறுவனங்கள் 2006 முதல் தம் ஊழியரின் புதுமைகளுக்குப் பரிசளித்து வருகின்றன. துணிந்து முயன்று தோற்றவர்க்கும் அதிலே ஒரு பரிசு உண்டு. அமெரிக்காவின் திரீ எம் கம்பனியில் ஸ்பென்சர் சில்வர் 1968 இல் வலுவான பசை தேடிப் போய், ஒட்டியும் ஒட்டாத பசை ஒன்றைக் கண்டார். ஆண்டுக்கணக்காக அதற்கு ஒரு பயன் தோன்றவில்லை. பாட்டுப் புத்தகத்தில் அடையாளத் தாள் நழுவி விழுவதனால் வருந்திய ஆர்தர் பிரை என்ற சக ஊழியரே பயனைக் கண்டார். 1980 இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த அந்த மஞ்சள் ஒட்டுத்தாள் இன்று நம் பாடசாலை மேசைகளிலும் உண்டு. தோல்வியை மறைத்திருந்தால் அக்கம்பனிக்குச் சொல்வதற்கே கதை இராது.

நம் நாட்டிலும் உதாரணத்திற்குப் பஞ்சமில்லை. 1987 இல் அமலீன் சகோதரர் மூவர் தொடங்கிய மாஸ் நிறுவனம், 2019 உலகக் கிண்ணத்திற்கு நம் கிரிக்கெட் அணி அணிந்த சட்டையைக் கடற்கழிவுப் பிளாஸ்டிக்கிலிருந்து செய்தது. கரையிற் கிடந்த போத்தல் சட்டையாயிற்று என்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். வெண்பலகையும் சிரிப்பும் அதற்கு ஈடாகுமா?

இன்னொன்றும் சொன்னோம். இத்தளத்தைப் படிப்பவர் வெளிநாட்டு வணிகர் என்றே குழுவினர் எண்ணியிருக்கின்றனர். ஆனால் அக்கம்பனிக்குள்ளேயே ஆயிரக்கணக்கானோர் தைக்கின்றனர். அவர்களுள் இன்னும் எத்தனை பேர் எத்தனை மட்டைகளை மடித்து ஒட்டி வைத்திருக்கின்றனரோ! அவர்கள் படிக்கத் தமிழும் சிங்களமும் வேண்டும். மலிவான தொலைபேசியிலும் தாமதமின்றித் திறக்க வேண்டும். 'உமது யோசனையை இவரிடம் சொல்லும்' என்று ஓர் ஆளின் பெயர் இருக்க வேண்டும். யாரும் திறந்து பாராத மின்னஞ்சல் முகவரி போதாது.

"அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டே பெயரைப் போடு" என்று சொல்லி விடைபெற்றோம்.

மூன்று வாரங் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். தோல்விக் கதைகளை மேலாளர் ஒப்பவில்லையாம். மின்குமிழும் போகவில்லை. வாகரைப் பெண்ணின் பெயருக்கு மாத்திரம் இசைந்தாராம். அவளோ, பெயர் சரி, முகம் வேண்டாம், கைகள் போதும் என்றாளாம். ஆகவே தையல் இயந்திரத்தின் முன் இரண்டு கைகள். கீழே அவள் பெயர். அதன் கீழ்த் தமிழிற் பத்து வரி.

"தமிழைத் திருத்தித் தாங்க, சேர்" என்று அனுப்பியிருந்தாள். இரண்டு சொற்களை மாற்றினோம். தாயாருக்கு வாசித்துக் காட்டினாயா என்று வினவினோம்.

"அம்மா தானே வாசிச்சிட்டா, சேர்" என்றாள்.