நானூக் என்று ஒருவர் இருந்ததில்லை

சிற்றிதழ் நண்பர்களுக்கு ஆவணப்படம் என்றதும் நினைவுக்கு வருவது ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1922ல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் தி நார்த்'. அதைப் பற்றி நம் சூழலில் இரண்டே வகைப் பேச்சுகள் உண்டு. ஒரு சாரார், இயற்கையோடு மல்லுக்கு நிற்கும் ஆதிமனிதனின் தூய சித்திரம் என்று உருகுகிறார்கள். மறுசாரார், எல்லாம் ஜோடனை என்று அம்பலப்படுத்திவிட்டு அமர்கிறார்கள். இவ்விரு சாராரோடும் நமக்கு உடன்பாடில்லை. இருவருமே ஒரு மனிதரைக் கணக்கில் எடுக்க மறந்தவர்கள் என்பதே நம் குற்றச்சாட்டு.

அந்த மனிதரின் பெயர் அல்லாகரியல்லாக். வட கியூபெக்கில், ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள இனுக்ஜுவாக் பகுதியின் வேட்டைக்காரர். நானூக் என்றால் பனிக்கரடி. படத்துக்காகச் சூட்டப்பட்ட பெயர் அது. திரையில் அவருக்கு மனைவியாக வருபவர் அவர் மனைவியல்லர். துப்பாக்கி கொண்டு வேட்டையாடிப் பழகிய காலத்தில் எறியீட்டியோடு நின்றார். பனிவீட்டின் உள்ளே காமிராவுக்கு வெளிச்சம் போதாதென்று பாதிச் சுவர் இல்லாத வீடு கட்டப்பட்டது. நடுங்கும் குளிரில் அதற்குள் படுத்து உறங்குவதுபோல் நடித்தார்கள். இவையெல்லாம் பலரும் எழுதியவைதான். ஆனால் எழுதியவர்கள் இதிலிருந்து வந்தடையும் முடிவு என்ன? பாவம், ஒன்றுமறியாத இனுயிட்டை வெள்ளைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது. இந்த இரக்கத்துக்குள்ளும் அதே பழைய மேட்டிமைதான் ஒளிந்திருக்கிறது.

வால்ரஸ் வேட்டையைப் படமாக்கும் முன் நிகழ்ந்த உரையாடலை ஃபிளாஹர்ட்டியே பதிவு செய்திருக்கிறார். படத்துக்குக் குந்தகம் வருமானால் விலங்கைக் கொல்வதைக் கைவிட வேண்டியிருக்கும், சம்மதமா என்று கேட்கிறார். படமே முதலில் என்று அல்லாகரியல்லாக் ஒப்புக்கொள்கிறார். இறைச்சியே உயிராக இருந்த நிலத்தில் ஒரு வேட்டைக்காரர் தந்த வாக்கு இது. ஏமாந்தவரின் பேச்சா இது? தாம் என்ன செய்கிறோம் என்று தெளிவாக அறிந்த கலைஞரின் பேச்சு என்றே நாம் கொள்கிறோம். 1921 குளிர்காலத்தில் கரடி வேட்டைக் காட்சிக்காக இருவரும் நாய்ச்சறுக்கு வண்டியில் பல நூறு மைல் போனார்கள். ஐம்பது நாட்களுக்கு மேல் பனிவெளியில் அலைந்து, நாய்கள் பட்டினியால் மடிய, ஒரு கரடியையும் படம் பிடிக்காமல் திரும்பினார்கள். திரும்ப முடிந்ததே அல்லாகரியல்லாக்கிற்கு வழி தெரிந்திருந்ததால்தான். பனிக்கட்டியில் துளையிட்டுக் கழுவுநீர் சுமந்தவர்களும், காமிராவைக் கழற்றிப் பூட்டக் கற்றவர்களும் இனுயிட்களே. இவ்வளவையும் செய்தவர்களை 'படைப்பாளி' என்று அழைக்க நம் விமர்சகர்களுக்கு ஏன் நா எழவில்லை?

நிற்க. நம் ஆற்றுப்படைகளில் வழி சொல்பவன்தான் பாடுபவன். பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ எதிர்ப்படும் வறியவனுக்கு வழியைச் சொல்கிறான். அந்தச் சொல்லே பாட்டாகிறது. வகுப்பில் இதைப் பாடம் நடத்திய கையோடு அந்தப் படத்தைத் திரையிட்டபோதுதான் முரண் நமக்கு உறைத்தது. அங்கே வழி அறிந்தவர் ஒருவர், பாட்டுக்கு உரியவர் இன்னொருவர்.

படத்துக்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. ஹட்சன் விரிகுடாவின் பெல்ச்சர் தீவுகள் கடல்வரைபடங்களில் வெறும் புள்ளிகளாகக் கிடந்தன. வீடால்டக் என்ற இனுயிட் நினைவிலிருந்தே அத்தீவுகளை வரைந்து தந்தார். அந்தப் படத்தை நம்பித் தேடிப்போன ஃபிளாஹர்ட்டி தீவுக்கூட்டத்தை உலகுக்கு அறிவித்தார். வரைந்தவரின் பெயரை அவர் மறைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம், நியாயம் நியாயம்தான். ஆனால் அக்கூட்டத்தின் பெரிய தீவுக்கு இன்றுள்ள பெயர் ஃபிளாஹர்ட்டி தீவு.

படம் வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்குள் அல்லாகரியல்லாக் இறந்தார். மான் வேட்டைக்குப் போன இடத்தில் பட்டினியால் மாண்டார் என்று ஃபிளாஹர்ட்டி எழுதினார். காசநோயால் தம் இருப்பிடத்திலேயே இறந்திருக்கக்கூடும் என்பது பின்னர் ஆராய்ந்தவர்கள் கருத்து. வெள்ளையர் வருகையோடு வடக்கே பரவிய நோயைவிடப் பட்டினிச் சாவு படத்தின் கதைக்குப் பொருந்தியது போலும்! இறப்பில்கூட அவர் நானூக்காகவே நடிக்க வைக்கப்பட்டார்.

அக்காலத்தில் ஆவணப்படம் என்ற சொல்லே இல்லை, இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். காட்சியை ஜோடித்தது பற்றி நமக்கு வழக்கே இல்லை; கூத்தும் ஜோடனைதான். கூத்தாடியவரின் பெயர் எங்கே என்பதே வழக்கு. 2001ல் ஜகாரியாஸ் குனுக் 'அதனார்ஜுவாத்' படத்தை இனுயிட்களின் சொந்த மொழியில், அவர்கள் கதையாகவே எடுத்து, கான் விழாவில் முதற்படத்துக்கான தங்கக் காமிரா விருதைப் பெற்றார். அதன் ஈற்றில் பெயர்ப்பட்டியல் ஓடும்போது படப்பிடிப்புக் காட்சிகளும் வருகின்றன: தோலாடை அணிந்தவர்கள், காமிரா, பனிச்சறுக்கு, சுற்றிலும் சிரிப்பு. திரைப்படச் சங்கத்து நண்பர்கள் அடுத்த முறை இரண்டு படங்களையும் ஒரே மாலையில் திரையிடட்டும். அறிவிப்புத் தாளில் அல்லாகரியல்லாக் என்ற பெயரை இயக்குநரின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும்.