மூணு கார்ட் போட்டா கேவலமா?

போன வாரம் எங்க காலேஜ் பேண்டில் ஒரு ஜூனியர் பையன் தான் போட்ட மெட்டை கிட்டாரில் வாசித்துக் காட்டினான். ஜி, சி, டி. அவ்வளவுதான் கார்ட்ஸ். "என்னடா, நர்சரி ரைம்ஸா?" என்று சிரித்தார் கீபோர்டு அண்ணன். அப்புறம் உட்கார்ந்து, கார்டுக்குக் கார்ட் செவன்த், நைன்த் எல்லாம் சொருகி 'ரிச்' ஆக்கினார். கடைசியில் மெட்டு எங்கே போச்சு என்று யாருக்கும் தெரியவில்லை. பையன் அதற்கப்புறம் பிராக்டீஸ் பக்கமே வரவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் வாயைத் திறந்தால் ஜான் கோல்ட்ரேனின் 'ஜெயண்ட் ஸ்டெப்ஸ்' புராணம்தான். ஒத்துக்கொள்கிறேன், மலைப்பான விஷயம். 16 பாருக்குள் 26 கார்ட், மூன்று கீ, பேய் வேகம். 1959 மே மாத ரெக்கார்டிங்கில் டாமி ஃப்ளானகன் மாதிரி ஜாம்பவானே பியானோ சோலோவில் திணறுவது நன்றாகக் கேட்கும்.

ஆனால் அதே கோல்ட்ரேன், இரண்டே மாதம் முன்னால், மார்ச்சில், மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்'டில் வாசித்தாரே, அதை அண்ணன் சொல்லவே மாட்டார். 32 பாருக்கும் இரண்டே ஸ்கேல். டி டோரியன் (நம்ம கரகரப்ரியாதான்), நடுவில் எட்டு பார் மட்டும் அதுவே அரை ஸ்வரம் மேலே. ஒளிந்துகொள்ள கார்டே கிடையாது. கற்பனை வறண்டால் உடனே மாட்டிக்கொள்வோம்.

எளிமை என்றால் ஹார்மனி தெரியாது என்று அர்த்தமில்லை சாமி. அதில் பில் எவன்ஸ் பியானோவில் பதில் சொல்லும் கார்டைப் பாருங்கள். கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி. ஐந்து ஸ்வரம்! அதை அப்படியே ஒரு முழு ஸ்வரம் இறக்கி இன்னொன்று. அவருக்குத் தெரியாத கார்டா? தேவையானதை மட்டும் வைத்தார்.

ரிச் ஹார்மனியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'ஜெயண்ட் ஸ்டெப்ஸ்' மெட்டும் அதன் கார்டும் ஒட்டிப் பிறந்தவை, பிரித்தால் இரண்டும் செத்துவிடும். அண்ணன் சொருகியதைப் பிடுங்கினால்? பாட்டு பிழைத்துக்கொள்ளும். இதுதான் என் டெஸ்ட். வேண்டுமானால் உங்கள் பாட்டிலும் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. 'ஜெயண்ட் ஸ்டெப்ஸ்' எழுதின அதே மனுஷன்தான் பிறகு 'இம்ப்ரெஷன்ஸ்' வாசித்தார். 'சோ வாட்'டின் அதே இரண்டு ஸ்கேல் அமைப்பு. அவருக்கென்ன கார்டுக்குப் பஞ்சமா?

தம்பி, கிட்டாரை எடுத்துக்கிட்டு வாடா. ஜி, சி, டி போதும்.