அரை மணி நேர வேலை

லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றைக் கணினியில் நிறுவுவது அரை மணி நேர வேலை. மொழி எது, ஊர் எது, விசைப்பலகை எது, பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று திரை வரிசையாகக் கேட்கும். பதில் சொன்னால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். மானிட்டரின் அதிர்வெண்ணைக்கூடக் கையால் எழுதிக்கொடுத்த 1990-களோடு ஒப்பிட்டால் இது விளையாட்டு. ஆனாலும் ஆசையாக நிறுவியவர் சில வாரங்களில் விண்டோஸுக்கே திரும்பிவிடுவது வாடிக்கை. அந்த அரை மணி நேரத்தில் எதுவும் தவறியிருக்காது. அதற்கு முன்னால் பார்க்காமல் விட்டதும் பின்னால் கேட்க ஆள் இல்லாததுமே பெரும்பாலும் காரணம்.

2025 அக்டோபர் 14-க்குப் பிறகு இந்த வேலைக்கு ஓர் அவசரம் வந்துவிட்டது. அன்றோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இன் பிற்பகுதியில்தான். அதற்கு முந்தைய கணினிகள் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் கோட்டுக்கு வெளியே. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் பெரும்பகுதி இந்தக் கணக்கில் வரும்.

கிருமாம்பாக்கம் போன்ற ஊரில் இதை நேரில் பார்க்கலாம். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், பாகூர் கொம்யூனில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் ராஜீவ் காந்தி பொறியியல் கல்லூரி, இன்னொரு பக்கம் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி. தெற்கே சிறிது தூரத்தில் முள்ளோடை. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். தமிழக அரசின் இலச்சினை பொறித்த பழைய லேப்டாப் அக்காவிடமிருந்தோ அண்ணனிடமிருந்தோ கைமாறி வந்திருக்கும். பாட்டரி செத்திருக்கும், ஹார்ட் டிஸ்க் முனகும், விண்டோஸ் திறக்க ஐந்து நிமிடமாகும். சர்வீஸ் கடையில் கொடுத்தால் "ஓ.எஸ். போட்டுத் தரேன்" என்பார்கள். போடுவது பெரும்பாலும் உரிமம் இல்லாத விண்டோஸ். லினக்ஸ் இலவசம் என்ற வாதம் இந்த ஊர்களில் எடுபடாமல் போவதற்கு இதுவே காரணம். விண்டோஸும் இங்கே ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே விலையைப் பேசாமல், பத்து வருடக் கணினிக்கு இன்னும் ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்பதைப் பேசுவதே நேர்மையான வாதம்.

அந்த அரசு லேப்டாப்பில் லினக்ஸ் புதிதும் அல்ல. தொடக்கத்தில் வழங்கியவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். அதற்கும் முன்பே, சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆயுள் முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் பயன்படுத்தலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. முயற்சிகளுக்குக் குறைவில்லை. ஆனால் மாணவர் கைக்குப் போன லேப்டாப்பில் பாஸ் என்பது, கணினியைத் திறக்கும்போது தோன்றி மறையும் ஒரு வரியாகவே நின்றது. தவறி அதற்குள் போனவர்கள் பதறி வெளியே வந்தார்கள். வகுப்பில் அதைக் கற்றுத்தர ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை. தேர்வில் கேள்வி இல்லை. 2018-இல் வந்த தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புப் பாடநூலில்தான் உபுண்டுவும் ஓப்பன் ஆஃபீஸும் பாடமாகவே இடம்பெற்றன.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்குள்ளேயே இதற்கு ஓர் ஒப்பீடு உண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. மாஹே கேரளப் பாடத்திட்டத்தை. கேரளம் 2000-களின் நடுவிலேயே பள்ளிக் கணினிகளைக் குனு/லினக்ஸுக்கு மாற்றி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வையும் அதிலேயே நடத்தியது. இலவச லேப்டாப் எதுவும் கொடுக்காமலே அங்கே லினக்ஸ் பழக்கமானது. கருவியைக் கொடுப்பதற்கும் பழக்கத்தைக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் பாகூருக்கும் மாஹேக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

நிறுவும் வேலைக்கு வருவோம். முதலில் கணினியை அறிய வேண்டும். எத்தனை ஜி.பி. ரேம், வன்தட்டா எஸ்.எஸ்.டி.யா, பிராசஸர் 64-பிட்டா என்ற மூன்றும் தெரிந்தால் பாதி முடிவு எடுத்ததாகிவிடும். 32-பிட் விண்டோஸ் ஓடியது என்பதற்காக பிராசஸரும் 32-பிட் என்று முடிவு கட்டக் கூடாது. 64-பிட் பிராசஸரில் 32-பிட் விண்டோஸ் போட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. உண்மையிலேயே 32-பிட் என்றால் வழி குறுகும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அந்த வகைக் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 12-தான் துணை. 4 ஜி.பி. ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். 2 ஜி.பி. என்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ லுபுண்டுவோ சரி. ஆனால் இருபது டேப்களோடு பிரவுசர் திறக்கும் ஆசையை விட வேண்டும். எந்தப் பெயர் சிறந்தது என்ற சண்டை புதியவருக்கு வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதுவே சிறந்தது.

செலவழிக்கப் பணம் இருந்தால் அதை எஸ்.எஸ்.டி.க்குக் கொடுப்பது நல்லது. முனகும் ஹார்ட் டிஸ்க்கில் எந்த இயங்குதளமும் வேகம் காட்டாது. மாற்றிய பிறகு அதே லேப்டாப் வேறு இயந்திரம் போல ஆகும். பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கழற்றி வைத்துக்கொண்டால் கோப்புகளுக்கும் ஆபத்தில்லை. அதைக் கழற்றாவிட்டால் போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், புராஜெக்ட் அனைத்தையும் வேறு இடத்தில் நகலெடுக்காமல் அடுத்த அடி எடுத்துவைக்கவே கூடாது. விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர், தட்டு பிட்லாக்கரால் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியை எழுதி வைக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் நிறுத்திவிட வேண்டும். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும், அந்தப் பகுதியை லினக்ஸ் தொடுவது நல்லதல்ல.

நிறுவு கோப்பு ஏறக்குறைய 3 ஜி.பி. இருக்கும். நாளுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜி.பி. தரும் மொபைல் திட்டத்தில் இது இரண்டு நாள் சங்கதி. 2005 முதல் 2011 வரை உபுண்டுவை வெளியிடும் நிறுவனம் கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. இன்று அந்த இடத்தில் நண்பனின் பென் டிரைவ் நிற்கிறது. கோப்பு முழுமையாக வந்ததா என்பதை அதன் சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. பலர் அதைத் தவிர்த்துவிட்டு, பிறகு பாதியில் நிற்கும் திரையோடு மல்லுக்கட்டுகிறார்கள். ரூஃபஸ் அல்லது வென்டாய் கொண்டு பென் டிரைவைத் தயாரிக்கலாம். அதில் முன்பு இருந்தது அழிந்துவிடும்.

கணினியைத் திறக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என நிறுவனத்துக்கு ஒரு விசை பிடித்து, பென் டிரைவிலிருந்து இயக்க வேண்டும். செக்யூர் பூட்டை முதலிலேயே அணைக்கச் சொல்லும் பழைய அறிவுரை இப்போது பெரும்பாலும் தேவையில்லை. முக்கிய வெளியீடுகள் அதோடு ஒத்துப்போகின்றன. உடனே நிறுவாமல், பென் டிரைவிலேயே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று சோதிக்கும் நேரம் இதுதான். வைஃபை தெரியாவிட்டால் கலங்க வேண்டாம். மொபைலைக் கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வரும், தேவையான டிரைவரை அதன் வழியே இறக்கலாம்.

அடுத்தது பிரிவு பிரித்தல். மொத்த வேலையிலும் கை நடுங்க வேண்டிய இடம் இது ஒன்றே. விண்டோஸை அகற்றுவதானால் தட்டு முழுவதையும் கொடுத்துவிடலாம். இரண்டும் வேண்டுமானால் முதலில் விண்டோஸுக்குள்ளேயே அதன் பகுதியைச் சுருக்கி, கிடைத்த காலி இடத்தில் லினக்ஸை அமர்த்துவது பாதுகாப்பு. இந்த நேரத்தில் கரண்ட் போனால்? பாட்டரி செத்த லேப்டாப்புக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. யு.பி.எஸ். உள்ள இடத்தில் உட்கார்ந்து செய்வது உத்தமம்.

நிறுவிய பிறகு முதல் நாளிலேயே எழும் கேள்வி தமிழ். எழுத்துருவைப் பற்றிக் கவலையில்லை. லோகித், நோட்டோ போன்றவை உடன் வருகின்றன அல்லது எளிதாகக் கிடைக்கின்றன. டெபியனின் வரைகலை நிறுவியில் நிறுவும் வேலையையே தமிழில் செய்யலாம். தட்டச்சுக்கு 1999 சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99, ஒலிப்பு முறை இரண்டும் உண்டு. சிக்கல் வேறிடத்தில். டி.டி.பி. கடையில் பழைய குறியாக்க எழுத்துருக்களில் அடித்து வைத்த கல்யாணப் பத்திரிகையும் கேள்வித்தாளும் லினக்ஸில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பாமினி போன்றவற்றிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. மாற்றிய பிறகு பக்க அமைப்பைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு டி.டி.பி.காரரிடம் லினக்ஸ் போட்டுக் கொடுப்பவர் மறுநாள் வசவு வாங்குவார், அது நியாயமே.

அச்சு இயந்திரமும் அப்படித்தான். ஹெச்பி வகைகள் பெரும்பாலும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் காணப்படும் கேனன் எல்பிபி 2900 அப்படி அல்ல. அதற்கான கேப்ட் டிரைவரை இயக்குவது அனுபவசாலிகளையும் சோதிக்கும். கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. கைரேகைக் கருவிகளையும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களையும் விற்பவர்கள் விண்டோஸை மனத்தில் வைத்தே மென்பொருள் தருகிறார்கள். எனவே பொதுச் சேவை மையமோ கணக்கு எழுதும் கடையோ வைத்திருப்பவர் விண்டோஸை விட வேண்டியதில்லை. பாடம் படிக்க, ஆவணம் எழுத, பைதான் கற்க, வீடியோ பார்க்க என்று வீட்டில் இருக்கும் கணினிக்கு மேற்சொன்ன தடை எதுவும் பொருந்தாது. மாற வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்று பிரித்துச் சொல்லாத பிரசாரம்தான் லினக்ஸுக்கு அதிகக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

ஆள் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இந்த வட்டாரத்தில் விடை இல்லாமல் இல்லை. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் உண்டு. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களிடையே வேலை செய்கிறது. 2023 ஜனவரியில் டெபியன் ஆர்வலர்களின் தமிழ்நாட்டு மாநாடு விழுப்புரத்தில்தான் கூடியது. தமிழில் படிக்க 2012 முதல் கணியம் இதழின் கட்டுரைகள் இருக்கின்றன. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சனிக்கிழமை பழைய லேப்டாப்களைக் கொண்டுவரச் சொல்லி, தெரிந்த நான்கு மாணவர்கள் தெரியாத நாற்பது பேருக்கு உட்கார்ந்து நிறுவிக்கொடுப்பது இத்தகைய குழுக்களின் பழைய வழக்கம். அதில் அரை மணி நேரத்தைவிட முக்கியமானது, கிளம்பும்போது வாங்கிக்கொள்ளும் மொபைல் எண். பிரின்டர் வேலை செய்யாத அந்த முதல் இரண்டு வாரங்களில் அந்த எண்ணில் அழைத்தால் ஒருவர் எடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பராமரிப்பு அதிகமில்லை. வாரம் ஒருமுறை புதுப்பித்தலை ஓடவிட்டால் போதும். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற கருவி உண்டு. எதையாவது கலைத்துவிட்டால் முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும், அதற்காக நிலையைப் பதிவுசெய்ய நாள் குறித்து வைக்கும் வேலையை நிறுவிய அன்றே முடித்துவிடலாம். மின்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும்; டெபியன் 13-க்கு நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் 2030 வரை. அடுத்த பதிப்புக்குப் போக பென் டிரைவ் வேண்டாம், இணையம் வழியே இருந்த இடத்திலேயே மாறிக்கொள்ளலாம். கோப்புகளை நகலெடுத்து வைப்பது மட்டும் அப்போதும் வேண்டும்.